நாயின் ஓயாத அரிப்பு: தோல் ஒவ்வாமையைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

ராத்திரி இரண்டு மணி இருக்கும். வீடே தூங்கிக்கொண்டிருக்கும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வரும். சளக், சளக், சளக். எங்கள் லாப்ரடார் முத்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருப்பான். அதட்டினால் நிறுத்துவான். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஆரம்பித்துவிடுவான். அப்போது அவனுக்கு ஒன்றரை வயது. சந்தன நிறப் பாதத்தில் விரலிடுக்கு மட்டும் துருப்பிடித்தது போலச் செம்பழுப்பாகியிருந்தது. அது எச்சில் கறை என்று எங்களுக்குத் தெரியவில்லை. மண்ணில் விளையாடியிருப்பான் என்று நினைத்துக் கழுவிக்கொண்டே இருந்தோம்.

அந்தச் சத்தத்தில் தூக்கம் கெட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாயின் தோல் ஒவ்வாமை பெரும்பாலும் ஒரு ஊசியிலோ ஒரு கோர்ஸ் மாத்திரையிலோ தீர்ந்துபோகிற நோய் இல்லை. வீட்டுப் பெரியவர்களின் சர்க்கரை நோய் மாதிரி, நாள்தோறும் கவனித்துக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டியது. இது மனதில் பதியாததால்தான் பலர் மாதம் ஒரு டாக்டர், வாரம் ஒரு மருந்து என்று அலைகிறார்கள். நாங்களும் 8 மாதம் அப்படித்தான் அலைந்தோம்.

சரி, ஒவ்வாமை என்றால் என்ன? உடம்புக்குள் ஒரு காவல்படை இருக்கிறது. கிருமி நுழைந்தால் விரட்டுவது அதன் வேலை. ஒவ்வாமை உள்ள உடம்பில் அந்தப் படை, ஒரு தீங்கும் செய்யாத பொருளைக் கண்டாலும் சண்டைக்குக் கிளம்பிவிடும். தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, புல்லின் மகரந்தம், கோழிக்கறியில் உள்ள புரதம், தெள்ளுப்பூச்சியின் எச்சில் என்று அது எதுவாகவும் இருக்கலாம். நமக்கு இந்தச் சண்டை அடிக்கடி மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் நடக்கும். தும்மலும் வீசிங்கும் வரும். நாய்க்கு முக்கியமாகத் தோலில் நடக்கிறது. முதலில் வருவது அரிப்பு. சொறிந்து, கடித்து, நக்கியே முடி கொட்டும், புண்ணாகும், தோல் தடித்து யானைத்தோல் மாதிரி கறுக்கும்.

அரிப்பு என்றால் பின்காலால் சொறிவது மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. பாதத்தை நக்குவது, சோபாவில் முகத்தைத் தேய்ப்பது, காதை உதறுவது, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து நகர்வது எல்லாமே அரிப்பின் அடையாளமாக இருக்கலாம். "அது அவன் பழக்கம்" என்று நாம் விட்டுவிடுகிறோம். வருடத்துக்கு மூன்று நான்கு முறை காதில் சீழ் வைக்கிற நாய்க்கும் பல நேரம் அடியில் இருப்பது ஒவ்வாமைதான். காதின் உட்பக்கமும் தோல்தானே.

நிரம்பி வழியும் குடம்

காரணங்கள் பொதுவாக மூன்று. தெள்ளுப்பூச்சிக் கடி, உணவு, சுற்றுச்சூழல். மூன்றாவதற்கு மருத்துவர்கள் அட்டோபிக் டெர்மடைட்டிஸ் என்று பெயர் சொல்வார்கள், சுருக்கமாக அட்டோபி. ஒரே நாய்க்கு இரண்டோ மூன்றுமோ சேர்ந்தே இருக்கலாம். இவற்றோடு நான்காவதாகப் புண்ணில் குடியேறும் பாக்டீரியாவும் ஈஸ்ட் என்ற பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தூசி இரண்டு செம்புத் தண்ணீரை ஊற்றுகிறது. பூச்சிக்கடி ஒரு செம்பு. ஈஸ்ட் இன்னும் இரண்டு செம்பு. குடம் நிரம்பி வழிந்தால் நாய் சொறிகிறது. விளிம்புக்குக் கீழே இருக்கும்வரை சும்மா இருக்கிறது. உலகத்திலுள்ள தூசியை நம்மால் ஒழிக்க முடியாது. ஆனால் பூச்சியை நிறுத்தி, ஈஸ்டையும் துடைத்துவிட்டால், அதே தூசிக்கு நடுவிலும் நாய் நிம்மதியாகத் தூங்கும். சிகிச்சை முழுக்க இந்தக் கணக்குதான். எந்தச் செம்பை நம்மால் எடுக்க முடியுமோ, அதை முதலில் எடுப்பது.

முதலில் பூச்சி

"எங்க நாய்க்குப் பூச்சியே கிடையாது டாக்டர்" என்றுதான் நானும் சொன்னேன். டாக்டர் வாதாடவில்லை. பல் நெருக்கமான சீப்பு ஒன்றை எடுத்து, வால் தொடங்கும் இடத்தில் முடியை எதிர்ப்பக்கமாக நான்கைந்து முறை வாரினார். சீப்பில் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அதை வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் தட்டி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு வளையம் மெல்லப் பரவியது. மண்ணாக இருந்தால் அப்படிப் பரவாது. அது தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். உங்கள் வீட்டிலும் இன்றைக்கே செய்து பார்க்கலாம், செலவே இல்லை.

பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வாமை உள்ள நாய் கடித்துக் கடித்தே பூச்சியை விழுங்கிவிடும். அதோடு, ஒரு வீட்டில் உள்ள மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் வளர்ந்த பூச்சியாக நாய்மேல் இருப்பது ஏறத்தாழ 5 சதவீதம்தான். மற்றவை முட்டை, புழு, கூட்டுப்புழு வடிவில் நாயின் படுக்கையிலும் சோபா இடுக்கிலும் பாயின் கீழும் இருக்கும். ஒரு பெண் பூச்சி ஒரு நாளில் 40, 50 முட்டை வரை இடும். கூட்டுக்குள் இருக்கும் புழு மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். பூச்சி மருந்து அடித்தாலும் சாகாது. நாயைக் குளிப்பாட்டி நாலு பூச்சியைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

இந்த ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஓரிரு கடியே போதும், நாள்கணக்கில் அரிக்கும். வால் தொடங்கும் இடம், இடுப்பு, பின்தொடை ஆகிய இடங்களில்தான் முடி கொட்டியிருக்கும். வேறு இடத்தில் அரித்தாலும் பூச்சி மருந்தைத் தவிர்க்கக் கூடாது, குடத்தில் அதுவும் ஒரு செம்பு. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் பூச்சி குறையும். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வருடம் 12 மாதமும் அதற்குச் சீசன்தான்.

இப்போது வாய்வழி மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. அஃபாக்சோலானர் மாதம் ஒருமுறை, ஃபுளூரலானர் 12 வாரத்துக்கு ஒருமுறை. உண்ணிக்கும் இவையே போதும். வலிப்பு வந்த வரலாறு உள்ள நாயாக இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மருந்து வகை சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே சமயத்தில் மருந்து தர வேண்டும். ஆனால் நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

அப்புறம், ஒவ்வாமை மாதிரியே தோற்றம் தரும் சொறிப்பூச்சி நோய் ஒன்று இருக்கிறது, ஸ்கேபிஸ். காது மடல் ஓரத்திலும் முழங்கையிலும் பொருக்குத் தட்டும். வீட்டில் உள்ளவர்களுக்கும் கையிலும் வயிற்றிலும் அரிக்கும். ஒவ்வாமை என்று முடிவுகட்டும் முன் டாக்டர் இதையும் பார்த்துவிடுவார். சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி போடுவது நம் பக்கம் சகஜம். கோலி (Collie) போன்ற சில நாய் இனங்களுக்கு அது மூளையைப் பாதிக்கும், எனவே கடையில் வாங்கி நாமே போடும் வேலை வேண்டாம்.

வாடை சொல்லும் செய்தி

குளிப்பாட்டி இரண்டே நாளில் நாய் மேல் மறுபடியும் சிக்கு வாடை அடிக்கிறதா? அது அழுக்கு வாடையாக இருக்காது. மாலசீசியா என்ற ஈஸ்டாக இருக்கலாம். நல்ல நாயின் தோலிலும் அது கொஞ்சம் இருக்கும். சொறிந்து கெட்ட, பிசுபிசுப்பான தோல் கிடைத்தால் கட்டுக்கடங்காமல் பெருகும். ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவும் அப்படித்தான். சின்னச் சின்ன சீழ்க்கொப்புளமாகவும், வட்ட வட்டமாகச் செதில் உரிந்த தழும்பாகவும் தெரியும். இரண்டுமே தம் பங்குக்கு அரிப்பைக் கூட்டும். இவை இருக்கும்வரை எந்த ஒவ்வாமை மருந்தும் முழுப் பலன் தராது.

கண்டுபிடிப்பது எளிது. ஒட்டும் டேப்பைத் தோலில் அழுத்தி எடுத்து, சாயம் தோய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைச் செய்யாமலேயே ஆன்டிபயாடிக் எழுதித் தந்தால், "ஸ்லைடு ஒன்னு போட்டுப் பார்க்கலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். ஈஸ்டுக்கு ஆன்டிபயாடிக் வேலைக்காகாது. தேவையில்லாமல் கொடுக்கக் கொடுக்க எந்த மருந்துக்கும் அசையாத பாக்டீரியாதான் மிஞ்சும்.

எட்டு வாரச் சோதனை

உணவு ஒவ்வாமையைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். நாய்களுக்கு ஒவ்வாமை தருவதாக அதிகம் காணப்பட்டவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. வருடக்கணக்கில் சாப்பிட்டுப் பழகிய உணவுக்கும் திடீரென்று ஒவ்வாமை வரும். "இத்தனை நாள் இதைத்தானே தின்னான், ஒன்னும் ஆகலையே" என்ற வாதம் எடுபடாது. ரத்தம், எச்சில், முடி என்று எதை அனுப்பிச் சோதித்தாலும் உணவு ஒவ்வாமையை நம்பகமாகச் சொல்ல முடியாது. அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள்.

நம்பத்தக்க வழி ஒன்றுதான். நாய் இதுவரை சாப்பிட்டே இராத ஒரு புரதத்தையோ, ஒவ்வாமையைத் தூண்டாத அளவுக்குப் புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவையோ 8 வாரம் கொடுப்பது. கோழியும் தயிர்சாதமும் தின்று வளர்ந்த நாய்க்கு வாத்தோ முயலோ பன்றிக்கறியோ புதுப் புரதமாக இருக்கலாம். குட்டியாக இருந்தால் வீட்டுச் சமையலில் சத்துக் குறைவு வரும், டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். அந்த 8 வாரமும் வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. எலும்பு வேண்டாம், பால் வேண்டாம். சுவை சேர்த்த குடற்புழு மாத்திரைகூட வேண்டாம், அந்தச் சுவையில் பலசமயம் இறைச்சிப் புரதம் இருக்கும்.

எங்கள் முதல் சோதனை ஐந்தாவது வாரத்தில் கெட்டது. அப்பா காலையில் காபியோடு பிஸ்கட் தின்னும்போது முத்து காலடியில் உட்கார்ந்து முகத்தையே பார்ப்பான். "வாயில்லா ஜீவன், ஒரு பிஸ்கட்தானேம்மா" என்று தினமும் பாதி கொடுத்திருக்கிறார். பிஸ்கட்டில் கோதுமையும் இருக்கிறது, பாலும் இருக்கிறது. அப்பாவை எப்படிக் கோபித்துக்கொள்வது? அன்பில் செய்ததுதான். மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்கினோம். இந்தமுறை மருத்துவ உணவிலேயே 20 உருண்டையைத் தனி டப்பாவில் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். முத்துவுக்கு வேண்டியது அப்பா கையால் ஏதோ ஒன்று. அது பிஸ்கட்டாக இல்லாததை அவன் கண்டுகொள்ளவே இல்லை. கூட்டுக் குடும்பத்தில் இந்தச் சோதனையைத் தொடங்கப்போகிறவர்கள் முதலில் தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

8 வாரத்தில் அரிப்பு நன்றாகக் குறைந்தாலும் பாதிதான் முடிந்தது. பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சில மணி நேரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் காரணம் உணவு என்று உறுதி. திரும்பாவிட்டால் குறைந்ததற்கு வேறு ஏதோ காரணம். முத்துவுக்கு எந்த மாற்றமும் இல்லை. அந்த 13 வாரப் பாடு வீண் என்று நான் நினைக்கவில்லை. கோழிக்கறியைப் பயமில்லாமல் கொடுக்கலாம் என்று தெரிந்துகொண்டோமே.

மிஞ்சியது அட்டோபி

பூச்சி, தொற்று, உணவு என்று எல்லாவற்றையும் தள்ளிய பிறகும் அரிப்பு நிற்கவில்லை என்றால் அட்டோபி. அதை நேரடியாகக் காட்டும் சோதனை கிடையாது. மற்றதை விலக்கித்தான் அந்த முடிவுக்கு வர முடியும். பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தொடங்கும். பரம்பரையாக வருவது, லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக், பாக்சர், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் அதிகம் காணலாம்.

இந்த நாய்களின் தோல் ஓட்டுவீட்டுக் கூரையில் ஓடு விலகியது மாதிரி. இடைவெளி வழியே தூசிப்பூச்சியின் துகளும் மகரந்தமும் உள்ளே இறங்கிவிடுகின்றன. முடி மெலிந்த இடங்களான விரலிடுக்கு, அக்குள், தொடையிடுக்கு, அடிவயிறு, வாய் ஓரம், காது ஆகியவற்றில் நோய் முதலில் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். நடந்துவிட்டு வந்ததும் பாதத்தை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவதும், நாயின் படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும் எதற்கென்று இப்போது புரிந்திருக்கும்.

மருந்துக்கு வருவோம். எங்கள் அலைச்சலின் தொடக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. தெய்வமே என்றிருந்தது. மூன்று வாரத்தில் திரும்பியது, மறுபடி ஊசி. நான்காவது ஊசிக்குப் பிறகு முத்து குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போனான், வயிறு தொங்கியது. அது நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. அரிப்பு உச்சத்தில் இருக்கும்போது சில நாள் பிரெட்னிசோலோன் மாத்திரை தருவது நல்ல சிகிச்சை. காரணத்தைத் தேடாமல் மாதாமாதம் ஊசியாகப் போடுவதுதான் ஆபத்து. பல வாரம் கொடுத்துவந்ததைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இப்போது வேறு வழிகளும் வந்துவிட்டன. 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓக்லாசிட்டினிப், அரிப்புச் செய்தி உயிரணுவுக்குள் போகும் வழியை அடைக்கிறது. ஒரு நாளுக்குள்ளேயே வித்தியாசம் தெரியும். 12 மாதம் நிரம்பாத நாய்க்கும், கடுமையான தொற்று உள்ள நாய்க்கும் தரக் கூடாது. சைக்ளோஸ்போரின் மெதுவானது, முழுப் பலன் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகும். லோகிவெட்மாப், அரிப்பைத் தூண்டும் ஒரு புரதத்தை மட்டும் பிடித்து முடக்கும் ஊசி, மாதம் ஒன்று. நாம் தும்மலுக்குப் போடும் செட்ரிசின் நாய் அரிப்புக்குப் பெரிதாக உதவுவதில்லை. மூக்கடைப்புக்காக சூடோஎஃபெட்ரின் சேர்த்த மாத்திரை நாய்க்கு விஷம்.

ஒவ்வாமையின் வேருக்குப் போகும் சிகிச்சை ஒன்றும் இருக்கிறது. எது ஒவ்வவில்லை என்று தோலிலோ ரத்தத்திலோ சோதித்து, அதையே மிகச் சிறு அளவில் தொடங்கி ஊசியாகக் கொடுத்து, உடம்பைப் பழக்குவது. பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். சில நாய்களுக்குத் தெரியாமலும் போகலாம். இந்தச் சோதனை, ஊசிக்கு என்ன சேர்ப்பது என்று முடிவு செய்யத்தான். சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போனால் எந்தச் சிகிச்சை உங்கள் நாய்க்குப் பொருந்தும் என்று கேட்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த மருந்து குளியல்தான். நம் ஷாம்பு நாயின் தோலுக்கு ஆகாது. அதன் மேலடுக்கு நம்முடையதைவிட மெல்லியது. தொற்று இருக்கும்போது டாக்டர் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் ஷாம்பு, மற்ற நாளில் ஈரப்பதம் தரும் மென்மையான ஷாம்பு. வெந்நீர் வேண்டாம், அரிப்பு கூடும். நுரை தோலில் 10 நிமிடம் ஊற வேண்டும், இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நான் போனில் 10 நிமிடம் வைத்துவிட்டு, முத்துவின் விரலிடுக்கு ஒவ்வொன்றாக நுரையைத் தேய்த்துவிடுவேன். முதலில் நெளிவான், ஆறாவது நிமிடத்தில் கண்ணைச் சொருகிக்கொண்டு என் முழங்காலில் தலையைச் சாய்த்துவிடுவான். பிறகு நன்றாக அலசி, விரலிடுக்கு வரை துவட்ட வேண்டும்.

வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவலாமா என்று கேட்பார்கள். ஏற்கெனவே பிசுபிசுக்கும் தோலில் இன்னும் எண்ணெய் ஏற்ற வேண்டாம். போதாக்குறைக்கு நாய் அதை நக்கி வாந்தி எடுக்கும். வீட்டில் இருக்கும் அரிப்புக் களிம்பையும் தொடாதீர்கள், அதில் பலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு உண்டு. நாய் நக்கினால் அதுவும் உள்ளே போகும்.

ஒரு காரியம் மட்டும் இன்றே தொடங்கலாம். தினக் காலண்டர் தாளில் அன்றைய அரிப்புக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் சும்மா இருக்கிறது. 10 என்றால் சோற்றையும் தூக்கத்தையும் விட்டுச் சொறிகிறது. மாத்திரை தேதி, குளித்த தேதி, புதிதாகத் தின்றது எல்லாம் பக்கத்திலேயே இருக்கட்டும். "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்வதைவிட "8-இலிருந்து 3-க்கு வந்திருக்கிறது" என்று சொன்னால் டாக்டருக்கு மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் பிடி கிடைக்கும்.

போன கார்த்திகை மழையில் முத்து 2-இலிருந்து 6-க்கு ஏறினான். ஈரத்தில் ஈஸ்ட் வந்திருக்கும் என்று நினைத்து ஷாம்புவைத் தேடினேன். காலண்டரைப் புரட்டினால் பூச்சி மாத்திரை தர வேண்டிய நாள் தாண்டி 9 நாள் ஆகியிருந்தது. சீப்பை எடுத்து வால் பக்கம் வாரி, டிஷ்யூவில் தட்டித் தண்ணீர் விட்டேன். செம்பழுப்பு வளையம். அன்றே மாத்திரை கொடுத்தோம், படுக்கையைத் துவைத்தோம், சோபா இடுக்கை வேக்குவம் போட்டு உறிஞ்சினோம். 12-ஆவது நாள் தாளில் மறுபடி 2 என்று எழுதினேன்.